சீட்டை இழந்தவனும் வரிசைக்கே வராதவளும்

‘ஜென்டில்மேன்’ வந்தது 1993இல். மண்டல் குழுப் பரிந்துரையை வி.பி. சிங் அரசு ஏற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1992 நவம்பரில். தமிழ்நாட்டின் 69 சதவீதத்தைக் காப்பாற்றும் சட்டம் 1993 டிசம்பரில் நிறைவேறியது. இந்தத் தேதிகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் படம் என்ன வேலை செய்தது என்று புரியும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்ல மார்க் வாங்கிய இரண்டு பையன்கள். மருத்துவ சீட்டுக்கு லஞ்சம் கேட்கிறார்கள். ஒருவன் தற்கொலை செய்துகொள்கிறான். இன்னொருவன் கொள்ளையடித்து இலவசக் கல்லூரி கட்டுகிறான். வில்லன் என்னவோ லஞ்சம் வாங்கும் அமைச்சர்தான். ஆனால் தியேட்டரிலிருந்து பலரும் வீட்டுக்கு எடுத்துப்போனது ‘தகுதி இருந்தும் சீட்டு கிடைக்காத பையன்’ என்ற உருவத்தை. கிச்சா என்ற பெயரும், அப்பளத் தொழிலும், பிராமண வழக்குப் பேச்சும் சேர்ந்து அந்தப் பையன் யார் என்பதைச் சொல்லாமல் சொல்லின. லஞ்சத்தின் மேல் வந்த கோபம் சத்தமில்லாமல் இடஒதுக்கீட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த உருவம் ஏன் இவ்வளவு சுலபமாக எடுபடுகிறது? சீட்டை இழந்தவனிடம் ஒரு எண் இருக்கிறது. கட்ஆஃப் 197 வாங்கியவன் 192 வாங்கியவனைக் காட்டி ‘என் சீட்டு’ என்று சொல்ல முடியும். நஷ்டத்தைக் கணக்குப் போட முடிந்தால் கதையும் சொல்லிவிடலாம். இதற்கு முன்னோடி செண்பகம் துரைராஜன். மெட்ராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை 1951இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது அவர் தொடுத்த வழக்கில்தான். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியபோதும் மேடையின் நடுவில் நின்றது சீட்டு கிடைக்காத மாணவன்தான்.

இதற்கு எதிரில் நான் வைக்க விரும்புவது பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’. கோவில்பட்டிப் பக்கம் ஆண்டிபட்டிக்காரர் எடுத்த படம். மழை பொய்த்த கரிசலில் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற கதை. எங்கள் ஊரில் அதை ஃபேக்டரி என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் முழுக்க விடியுமுன்னே பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிப்போன காலம் அது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் வேண்டியிருந்தன. அந்தப் பஸ்ஸில் ஏறிய எட்டு வயசுப் பிள்ளைக்குக் கட்ஆஃப் எவ்வளவு? அவள் இழந்த சீட்டு எந்தக் கல்லூரியில் இருந்தது? பதில் கிடையாது. அதனால் அவளுக்காகக் கொள்ளையடிக்க எந்த ஹீரோவும் வரவில்லை. படத்தைப் பார்த்தவர்களும் கொஞ்சம் பேர்தான்.

பிரச்சினை உண்மையிலேயே மார்க்தானா என்பதைச் சோதிக்கக் கோவில்பட்டியே போதும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டில் வழி திறந்தது 1984இல். நேஷனல் பொறியியல் கல்லூரி இங்கே தொடங்கியதும் அதே ஆண்டுதான். தனியார் கல்லூரிகளில் 35 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவீதம் நிர்வாக ஒதுக்கீடு. பெயரிலேயே ஒதுக்கீடு இருக்கிறது. மார்க் குறைந்தவர்களும் அதில் வரலாம். ஐ.டி. கம்பெனி மதியச் சாப்பாட்டு மேசையில் “எங்கப்பா துட்டு கட்டிச் சேத்துவிட்டாரு” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்.சி. ஒதுக்கீட்டில் வந்தவர் அப்படிச் சிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் வந்தது. அதிலும் குறைந்த மார்க்குக்கு சீட்டு கிடைக்கும். ஊரே சந்தோஷப்பட்டது, சரிதான். ஆனால் அந்த ஊரேதான் 18 சதவீதத்தைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறது. பேசுகிற பல வீடுகளின் பீரோவில் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. 30 சதவீதமும் 20 சதவீதமும் அவர்களுக்கு உரிமை, அடுத்த தெருக்காரனுக்குக் கிடைப்பது ‘கோட்டா’. ‘ஜென்டில்மேன்’ பையனை அக்ரஹாரம் மட்டும் தத்தெடுக்கவில்லை, நாமும் எடுத்துக்கொண்டோம். படத்தின் உண்மையான வெற்றி அதுதான்.

‘பரியேறும் பெருமாள்’ 2018இல் இந்தக் கதையை மறுமுனையிலிருந்து தொடங்கியது. சட்டக் கல்லூரியில் சீட்டு கிடைத்துவிட்டது, ஆங்கில வகுப்பு புரியவில்லை, அதன் பிறகு என்ன? அந்தக் கேள்விக்கு சினிமா வந்து சேர இருபத்தைந்து வருடம் ஆனது. நம் எழுத்தும் பெரிதாக முந்திவிடவில்லை. கரிசல் இலக்கியம் மழையையும் கடனையும் பசியையும் எழுதிய அளவுக்குக் கவுன்சலிங் ஹாலை எழுதவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அம்மா, மகளின் சாதிச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவளை யாராவது எழுதும்வரை, தகுதி என்று சொன்னதும் நம் கண்முன் கிச்சாதான் வந்து நிற்பான்.