பேப்பர்காரப் பையன் போகும் வழி

ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் ஜானி பட் என்ற பையன் சைக்கிளில் சிப்பிங் கிளெகார்ன் கிராமத்தைச் சுற்றி வருகிறான். பேப்பர் போடுவது அவன் வேலை. அகதா கிறிஸ்டி 1950-இல் வெளியிட்ட ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’ நாவலில் அதைவிடப் பெரிய பாத்திரம் அவனுக்கு இல்லை. ஆனாலும் முதல் பக்கத்தில் அவன் சைக்கிளுக்குப் பின்னாலேயே போனால் ஊர் முழுக்க நமக்குப் பிடிபட்டுவிடும். கர்னல் ஈஸ்டர்புரூக் வீட்டில் ‘டைம்ஸ்’, ‘டெய்லி கிராஃபிக்’. திருமதி ஸ்வெட்டன்ஹாம் வீட்டிலும் ‘டைம்ஸ்’தான், ஆனால் கூடவே ‘டெய்லி வொர்க்கர்’. கனவான்களின் பத்திரிகையும் கம்யூனிஸ்டுகளின் பத்திரிகையும் ஒரே வாசலில் வந்து விழுகின்றன என்றால், அந்த வீட்டில் அம்மாவும் வளர்ந்த பிள்ளையும் காலைச் சாப்பாட்டுக்கு எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வேறு எழுத்தாளராக இருந்தால் இதற்கு இரண்டு பக்கம் வர்ணனை எழுதியிருப்பார். கிறிஸ்டிக்குச் சந்தா விவரம் போதும்.

வெள்ளிக்கிழமை மட்டும் எல்லா வீட்டுக்கும் உள்ளூர் ‘கெஜட்’ வரும். உலகச் செய்தி இருக்கும் பெரிய பத்திரிகைகளைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாரும் அதைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். அதிலும் நேராக வரி விளம்பரம். பழைய சாமான் விற்பனைக்கு, வீட்டு வேலைக்கு ஆள் தேவை, நாய்க்குட்டி விற்பனைக்கு. இவற்றுக்கு நடுவே, அதே அச்செழுத்தில், அக்டோபர் 29 வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடக்ஸ் வீட்டில் ஒரு கொலை நடக்கும் என்ற அறிவிப்பு. கல்யாணப் பத்திரிகை மாதிரி. நண்பர்கள் இதையே அழைப்பாகக் கொள்ள வேண்டுமாம்.

போகாமல் இருப்பார்களா? ஆளுக்கொரு நொண்டிச் சாக்கோடு ஆறரைக்குள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்தோம் என்று சொல்லக் கூச்சம். அதனால் உள்ளே நுழைந்ததும், ‘ஹீட்டர் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறதே’ என்கிற தினுசில் ஒருவர் ஆரம்பிக்கிறார். அடுத்தவரும் அதையே சொல்கிறார். அதற்கடுத்தவரும். கரிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. அடுத்த வீட்டுக் கதகதப்பு கண்ணில் படத்தானே செய்யும். வாசிக்கிற நாம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறோம். நம்மூரில் ‘என்ன வெயில், என்ன வெயில்’ என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவது மாதிரி அவர்களுக்கு ஹீட்டர், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். நாம் அப்படித்தான் நினைப்போம் என்று கிறிஸ்டிக்குத் தெரியும். தடயத்தை அவர் எங்கேயும் புதைக்கவில்லை. டீயோடு சேர்த்துத் தட்டில் வைத்து நீட்டுகிறார், அதுவும் பல தடவை. அது ஏன் தடயம் என்று நான் சொல்வதாக இல்லை. படிக்காதவர்களுக்குச் செய்யும் துரோகம் அது.

இந்த வகை நாவல்களை ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்கிறார்கள். டீ ஆறாமல் இருக்கக் கெண்டிக்கு மேல் போர்த்துகிற கம்பளிக் குல்லாவுக்கும் அதே பெயர்தான். பொருத்தம் பாருங்கள். உள்ளே கொதிக்கிறது, வெளியே பூவேலை. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-இல் இந்த ஆங்கிலேயக் கதைகளை ஒரு கட்டுரையில் காய்ச்சி எடுத்தார். கொலை என்பது இப்படி விருந்து உபசாரத்தோடு நடப்பதில்லை என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கி ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர். எந்தப் புட்டியில் எத்தனை துளி கூடினால் ஆள் போய்விடும் என்று கையால் அளந்து தெரிந்துகொண்டவர். அந்தக் கைதான் பூவேலையும் போடுகிறது.

துப்பறிய வருகிறவர் மிஸ் மார்பிள். 1927-இல் ஒரு சிறுகதையில் அறிமுகமாகி, 12 நாவல்களில் வந்த கல்யாணமாகாத கிழவி. மடியில் கம்பளி நூல், ஊசி. குடியிருப்பது செயின்ட் மேரி மீட் என்ற கிராமம். பறவை பார்க்கிறேன் என்று தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நிற்பார். பறவைதான் பார்க்கிறாரா என்பது வேறு விஷயம். ஊர்வம்பு என்று நாம் அலட்சியமாக ஒதுக்குவதுதான் இவருக்கு முதலீடு. அந்த முதல் கதையில், ஸ்காட்லாந்து யார்டில் கமிஷனராக இருந்தவர் உட்பட ஒரு கூட்டம் உட்கார்ந்து, விடை கிடைக்காத மர்மங்களைப் பேசத் தயாராகிறது. மார்பிள் எடுத்துவைக்கும் மர்மம்: ஓர் அம்மாள் உரித்த இறால் வாங்கினாள், இன்னும் இரண்டு கடைக்குப் போனாள், வீட்டுக்கு வந்து பார்த்தால் இறாலைக் காணோம். ‘தி பாடி இன் தி லைப்ரரி’ நாவலில் கர்னல் பேண்ட்ரி வீட்டுப் படிப்பறையில் முன்பின் தெரியாத பெண்ணின் பிணம் கிடக்கிறது. கிழவிக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூடத்துக் கடிகாரம். புதிதாக வந்த டீச்சர் அதற்குச் சாவி கொடுக்கப் போனபோது உள்ளேயிருந்து தவளை துள்ளி வந்தது. பிணத்துக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம் என்று போலீஸ்காரர்கள் விழிக்கிறார்கள். அந்தப் பிணத்தின் விரல்களில் நகம் கடிக்கப்பட்டிருப்பதையும் இதே கண்தான் பார்க்கிறது. வீட்டுவேலைக்கு வந்த எத்தனையோ சிறுபெண்களைப் பழக்கி எடுத்த கண் அது.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் வேறொன்று. 1930-இல் வந்த ‘தி மர்டர் அட் தி விகரேஜ்’ நாவலில் பாதிரியாரின் படிப்பறையில் கர்னல் புரோத்தரோ சுடப்பட்டுக் கிடக்கிறார். பக்கத்தில் ஒரு குறிப்பு, அதன் தலையில் 6.20 என்று நேரம். கவிழ்ந்து கிடக்கும் கடிகாரம் 6.22-இல் நின்றிருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அது பாதிரியார் வேண்டுமென்றே கால் மணி நேரம் கூட்டி வைத்திருக்கும் கடிகாரம். அவர் எதற்கும் தாமதமாகப் போகாமல் இருப்பதற்காக! நம் வீடுகளிலும் உண்டல்லவா, பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்கப் பத்து நிமிஷம் முன்னால் ஓடுகிற கடிகாரம்? வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பாதிரியார் இதைச் சொல்ல வாயெடுக்கிறார். இன்ஸ்பெக்டருக்கு நின்று கேட்க நேரமில்லை. அவர் பெயர் ஸ்லாக். ஆங்கிலத்தில் மந்தம் என்று பொருள். அந்தப் பெயரைப் பொய்யாக்குவதற்கென்றே பிறந்தவர் போல ஓடிக்கொண்டே இருக்கிறார்.

சிப்பிங் கிளெகார்னுக்குத் திரும்பலாம். போர் முடிந்து சில வருஷம் ஆகியும் ரேஷன் போகவில்லை; பிரிட்டனில் அது முழுக்க ஒழிந்தது 1954-இல்தான். ஒரு பிறந்தநாளுக்காக லிட்டில் பேடக்ஸில் வெண்ணெய், முட்டை, சர்க்கரை எல்லாம் தாராளமாகப் போட்டு ஒரு சாக்லேட் கேக் செய்கிறார்கள். அதற்கு வீட்டில் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘சுவையான சாவு’. அந்த வெண்ணெய் எங்கிருந்து வந்தது? ஒரு பண்ணையில் வியாழக்கிழமை வெண்ணெய் கடைவார்கள். ஒருவர் வாங்கிவந்து வீடு வீடாகப் போய்க் கொடுப்பார். பதிலுக்குக் காய்கறியோ வேறெதுவோ. சட்டப்படி தப்பு. ஆள் இல்லாவிட்டாலும் உள்ளே வைத்துவிட்டுப் போக வசதியாக யாரும் கதவைப் பூட்டுவதில்லை. இதைக் கேட்ட போலீஸ் அதிகாரி தலையில் கை வைக்காத குறை. இந்த ஊரில் எவரும் எந்த வீட்டுக்குள்ளும் எந்த நேரமும் போயிருக்கலாம்! திறந்த கதவின் அழகை ரசிக்கிறோம். அதே கதவு வழியாகத்தான் கொலையும் வருகிறது.

மார்பிள் அந்த அதிகாரியிடம் சொல்லும் ஒரு விஷயத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஊரில் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும்; புதிதாக ஒருவர் வந்தால் தெரிந்தவர்களின் அறிமுகக் கடிதம் கூடவே வரும். இப்போது எங்கிருந்தோ வந்து குடியேறுகிறார்கள், தாங்கள் இன்னார் என்று அவர்களே சொல்கிறார்கள், நாமும் நம்புகிறோம். கம்பளிக் குல்லாவுக்குள்ளிருந்து வரும் இந்தக் குளிருக்குச் சாண்ட்லர் காது கொடுத்திருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. கேக் செய்யும் மிட்ஸி, ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி வந்த அகதி. அவள் பயத்தையும் கதறலையும் வேடிக்கையாக்கி, பொய்க்காரி என்று வீடே சிரிக்கிறது. நாவலும் கூடச் சேர்ந்து சிரிக்கிறது. கடைசியில் அவளுக்குத் துணிச்சலான ஒரு வேலையைக் கிறிஸ்டி கொடுக்கிறார்தான். கணக்கு அதனால் நேராகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கொலைகாரர் அகப்பட்ட பிறகும் ஒரு சின்ன அத்தியாயம் இருக்கிறது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி பேப்பர் கடைக்கு வந்து சந்தா சொல்கிறார்கள். அவருக்கு ‘டெய்லி வொர்க்கர்’, அவளுக்கு ‘டெய்லி டெலிகிராஃப்’, இன்னும் சில. கெஜட்? வேண்டவே வேண்டாம் என்கிறார்கள் இருவரும். அவர்கள் போனபின் கடையில் பேச்சு நடக்கிறது. கெஜட் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா, காதில் சரியாக விழுந்திருக்காது, அது இல்லாமல் ஊர்நடப்பு எப்படித் தெரியும் என்று. அவர்கள் பெயருக்கு எதிரே கெஜட்டும் ஏறிவிடுகிறது.