கூட்டலில் அடங்காத குறை

கெடா மாநிலத்தின் கிழக்கெல்லையில், சுண்ணாம்புக்கல் மலையின் அடிவாரத்தில் அமைந்தது பாலிங் நகரம். அதனைச் சூழ்ந்த குப்பாங், கோல கெட்டில் முதலிய ஊர்களில் பால்மரத்தை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல. பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும் வேளையில் அங்கே எழும் வினா ஒன்றுண்டு: எந்த வகைக் கன்றை நடுவது? கேட்பதற்கு எளிய வினாவே. ஆயினும், நட்ட கன்று பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். அதன்பின் இருபது ஆண்டுகளுக்குமேல் அம்மரத்தையே வெட்டிப் பிழைக்க வேண்டும். ஒரு நாள் செய்த முடிவு ஒரு தலைமுறையின் சோற்றை அளந்துவிடுகிறது.

இத்தகைய வினாக்களுக்கு விடை காண்பதற்கென்றே இக்காலப் பொறியியலாரும் தொழிற்சாலை நிருவாகத்தாரும் கையாளும் கருவி ஒன்று உண்டு. அதனைப் பல்லளவை முறை எனலாம். ஓர் இயந்திரத்தை வாங்குவதாயினும், ஆலைக்கு இடம் தேர்வதாயினும், விலை ஒன்றையே பாராமல் உழைக்கும் காலம், பழுதுபார்க்கும் எளிமை, தொழிலாளர்க்குள்ள ஆபத்து என்று அளவைகள் பலவற்றை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை தந்து, மதிப்பெண் இட்டு, வரிசைப்படுத்துவதே இம்முறையின் சாரம். இதன் சிறப்பையும் குறையையும் நடுநின்று ஆராய்தல் தமிழாசிரியர்க்கும் பயன் தருவதாகும். ஏனெனில், இம்முறை தடுமாறும் இடம் எதுவோ, அதற்கு ஒளி காட்டும் நூல் அவர்கள் நாள்தோறும் கையாளும் திருக்குறளே.

முறை வளர்ந்த வரலாறு

1772ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின், தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு புறம் நன்மைகளையும் மறுபுறம் தீமைகளையும் எழுதி, ஒத்த எடையுள்ளவற்றை எதிரெதிரே அடித்துவிட்டு, எஞ்சுவதைக் கொண்டு முடிவு செய்க என்பது அதன் கருத்து. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1970களில், தாமஸ் சாத்தி என்னும் கணித அறிஞர் படிநிலைப் பகுப்பாய்வு முறையை வகுத்தார். அளவைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்றைவிட மற்றொன்று எத்துணை முதன்மையுடையது என்பதை 1 முதல் 9 வரையுள்ள எண்ணால் குறிப்பது அவர் வழி. 1981இல் ஹுவாங், யூன் என்னும் இருவர் வெளியிட்ட டாப்சிஸ் முறையோ, மிகச் சிறந்த கற்பனைப் பொருளுக்கு எது அண்மையில் உள்ளது, மிகத் தாழ்ந்ததற்கு எது சேய்மையில் உள்ளது என்று தொலைவை அளந்து பார்க்கிறது.

இம்முறைகளுக்கு உரிய புகழை மறுத்தல் நேர்மையன்று. விளைச்சல் காற்றுறுதியைப்போல் மும்மடங்கு முதன்மை என்கிறான் ஒருவன். காற்றுறுதி நோயெதிர்ப்பைப்போல் இருமடங்கு என்கிறான். அங்ஙனமாயின் விளைச்சல் நோயெதிர்ப்பைப்போல் அறுமடங்காதல் வேண்டும். அவனோ இருமடங்கே என்கிறான். சாத்தியின் முறை இம்முரணை எண்ணால் அளந்து, வரம்பு கடந்தால் மீண்டும் சிந்திக்கச் சொல்கிறது. மனத்துக்குள் மறைந்து கிடந்த விருப்பு வெறுப்பைத் தாளில் கொண்டுவந்து நிறுத்துவது சிறு தொண்டன்று.

கணக்கு காட்டும் வித்தை

எனினும் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காகக் கற்பித்துக்கொண்ட எண்களே இவை. முதல் வகைக் கன்று விளைச்சலில் 9, காற்றுறுதியில் 2, நோயெதிர்ப்பில் 6 மதிப்பெண் பெறுகிறது. இரண்டாம் வகை முறையே 6, 8, 7 பெறுகிறது. மூன்று அளவைகளுக்கும் 6, 2, 2 என நிறை தந்து பெருக்கிக் கூட்டினால், முதல் வகைக்கு 70, இரண்டாவதற்கு 66. முதல் வகையே வென்றது. நிறையை 5, 3, 2 எனச் சிறிதே மாற்றினால், முதல் வகைக்கு 63, இரண்டாவதற்கு 68. வெற்றி கைமாறிவிட்டது. மரம் மாறவில்லை, மண் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. நிறை தந்தவரின் மனம் பத்தில் ஒரு பங்கு மாறியது, அவ்வளவே. முடிவைச் சொன்னது கணக்கு என்று தோன்றும். உண்மையில் அதனை முன்னரே சொல்லிவிட்டவர் நிறை தந்தவர்.

இன்னொரு விந்தையும் உண்டு. போட்டியில் உள்ள ஒன்றின் நகலைப் புதிதாகச் சேர்த்தால், ஏனையவற்றின் வரிசை தலைகீழாகிவிடக் கூடும் என்பதைப் பெல்டன், கியர் என்போர் 1983இல் சாத்தியின் முறையை ஆராய்ந்து காட்டினர். அளவுகோலே ஆடும்போது அதன்மேல் அளவு கடந்த நம்பிக்கை வைத்தல் தகாது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. மேற்காட்டிய கணக்கில், காற்றுறுதியில் இரண்டே மதிப்பெண் பெற்ற கன்று, விளைச்சலில் பெற்ற ஒன்பதைக் கொண்டு அக்குறையை ஈடுகட்டிவிட்டது. தாளில் ஈடு செய்யலாம், மலைச்சரிவில் செய்ய முடியுமா? புயற்காற்றில் நடுமரம் முறிந்துபோன பின் அதன் விளைச்சல் ஒன்பதன்று, சுழியம்.

ரப்பர்த் தோட்டங்கள் இதனைப் பட்டறிந்தன. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஒட்டு வகைகளுள், மிகுந்த பால் தந்தும் காற்றுக்கு எளிதில் முறிவன என்று பெயரெடுத்தவை உண்டு. ஆர்.ஆர்.ஐ.எம். 501, 623 ஆகியன அத்தகையன. நெடுங்காலம் எங்கும் நடப்பெற்ற 600 என்னும் வகை நல்ல விளைச்சலுடையது, ஆனால் ஈரம் மிகுந்த இடங்களில் கிளைகளைத் தாக்கும் இளஞ்சிவப்பு நோய்க்கு இடம் கொடுப்பது. இந்தோனேசியாவிலிருந்து வந்த ஜி.டி. 1 தொடக்கத்தில் சற்றுப் பின்தங்கினும் காற்றைத் தாங்கி நிற்பது. இவற்றையெல்லாம் எண்ணியே அக்கழகம் 1970களில் என்விரோமேக்ஸ் என்னும் நடவுப் பரிந்துரையை வெளியிட்டது. நாடு முழுமைக்கும் சிறந்த வகை எது என்று கேளாமல், இந்த இடத்தில் காற்று எத்தகையது, நோய் எத்தகையது என்று முதலில் கேட்டு, அங்கே நிலைக்க இயலாதவற்றை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் விளைச்சல் மிக்கதைத் தேர்வது அதன் நெறி. முதலில் விலக்கு, பிறகு கூட்டு என்பதே அதன் உட்பொருள்.

பிரெஞ்சு அறிஞர் பெர்னார்ட் ராய் 1960களில் வகுக்கத் தொடங்கிய எலெக்தர் முறையும் இவ்வழியைச் சார்ந்ததே. ஓர் அளவையில் மிகத் தாழ்ந்து நிற்கும் ஒன்றை, பிற அளவைகள் எவ்வளவு உயர்ந்திருப்பினும், சிறந்ததென ஒப்பாத தடை அதில் உண்டு. கூட்டல் முறைகளினும் இது நடைமுறைக்கு நெருங்கியது என்பது இங்குத் துணிபு.

வள்ளுவர் வகுத்த வேறுபாடு

பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என்னும் 51ஆம் அதிகாரத்தில், ஒருவனைத் தேர்வதற்கு அவன் குணங்களையும் குற்றங்களையும் ஆராய்ந்து, மிகுந்திருப்பது எதுவோ அதனைக் கொண்டு மதிக்குமாறு வள்ளுவர் கூறுகிறார். குணமே உடையாரும் குற்றமே உடையாரும் உலகில் இல்லையாதலின் இவ்வாறு கூறப்பட்டது என்பது பரிமேலழகர் கருத்து. இது பிராங்ளினின் தாளைப் போன்றது. ஈடுசெய்தலை ஒப்புக்கொள்ளும் நிறைகோல்.

ஆனால் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலில் அவர் வேறொரு நிலையில் நிற்கிறார். மிக மெல்லிய மயிலிறகாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அங்கு வரும் உவமை. எளியர் என்று எண்ணிப் பலரோடு பகை கொள்வானுக்கு நேரும் கேட்டைக் குறித்தது அது என்று பரிமேலழகர் உரைப்பர். உரை அதுவாயினும், உவமைக்குள் இருப்பது பொறியியல் உண்மை. சக்கரம் எத்துணை நல்லதாயினும், மாடு எத்துணை வலியதாயினும், முறிந்த அச்சுக்கு அவை ஈடாகமாட்டா. அடுத்த குறளில் வரும், நுனிக்கொம்பு ஏறியவன் அதற்கு மேலும் ஏற முயலும் செய்தியும் இவ்வரம்பையே காட்டும்.

இதனால் வள்ளுவர் இன்றைய கணித முறையை அன்றே அறிந்திருந்தார் என்று முழங்குதல் புலமையாகாது. அது அவருக்குப் புகழும் ஆகாது. அவர் கண்டது வேறு. குறை இருவகைப்படும்: நிறையால் ஈடாகும் குறை ஒன்று, எதனாலும் ஈடாகாக் குறை மற்றொன்று. மனிதரை மதிப்பிடும்போது முன்னதை நினைந்து பொறுமை காட்டுக. பாரம் ஏற்றும்போது பின்னதை நினைந்து அஞ்சுக. இவ்வேறுபாட்டை மறந்து எல்லாவற்றையும் ஒரே கூட்டலில் அடக்குவதே பல்லளவை முறையைக் கையாள்வோர் பலர் செய்யும் பிழை.

நிறை தருவோர் யார்?

இனி, நிறை தருபவர் யார் என்னும் வினா எஞ்சுகிறது. பெருந்தோட்ட நிறுவனத்துக்குக் கன்று வளரும் ஏழாண்டு கணக்கேட்டில் ஒரு வரி. இரண்டு மூன்று ஏக்கர் உடையவனுக்கோ அது உலை வைப்பதற்கே வழி தேடும் ஏழாண்டு. நிரையில் மரங்கள் முறிந்து இடைவெளி விழுந்தால், நிறுவனத்தின் ஏட்டில் விளைச்சல் சிறிது குறையும். வெட்டுத் தொழிலாளியோ அதே சரிவில் முன்போலவே நடந்து, குறைந்த மங்குகளில் குறைந்த பாலைச் சேர்ப்பார். ஒரே குறை, இருவர் தோளில் இருவேறு பாரம்.

1974 நவம்பரில் பாலிங்கில் ஆயிரக்கணக்கான சிறு தோட்டக்காரரும் பால்வெட்டுத் தொழிலாளரும் தெருவில் திரண்டனர். ரப்பர் விலை வீழ்ந்து, உணவுப்பொருள் விலை ஏறி, பசி வாயிலில் நின்ற காலம் அது. டிசம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூரில் மாணவரும் அவர்களுக்காகக் கிளர்ந்தனர். எந்த வகைக் கன்றை நட்டிருப்பினும் அவ்விலைவீழ்ச்சியைத் தடுத்திருக்க இயலாது என்பது உண்மையே. ஆயினும், விலை வீழ்ந்த நாளில் குடும்பம் எதை உண்ணும் என்பதையும் ஓர் அளவையாக வைத்தவர்க்கு ஊடுபயிரும் உணவுப்பயிரும் வேறு மதிப்புப் பெற்றிருக்கும். எளியர் பலர் சேர்ந்த பாரத்தை அச்சு தாங்காது என்னும் உரையாசிரியர் பொருள் அந்நாளில் தெருவில் விளங்கிற்று.

2022 ஜூலை 4ஆம் நாள் இனாஸ் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் குப்பாங் வட்டாரத்தைத் தாக்கியது. மூவர் உயிர் இழந்தனர். மலையில் காடு திருத்தியதற்கும் வெள்ளத்துக்கும் தொடர்புண்டா என்ற வாதம் எழுந்தது. அவ்வாதம் எங்ஙனம் முடியினும் ஒன்று தெளிவு. மேட்டில் என்ன பயிரிடுவது என்று எண்ணுவோர் பட்டியலில், பள்ளத்தில் வாழ்வோர்க்கு ஒரு பத்தி வேண்டும். அப்பத்தி இலாபத்தோடு கூட்டப்படும் பத்தியாக இருத்தல் கூடாது, தடுக்கும் பத்தியாக இருத்தல் வேண்டும்.

இன்று மலேசிய ரப்பர் நிலத்தின் மிகப் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர் கையிலேயே உள்ளது. பல பெருந்தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. எனவே நிறை தரும் உரிமை, ஆராய்ச்சிக் கூடத்திலோ அலுவலக அறையிலோ மட்டும் இருத்தல் போதாது. வலியறிதலைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், வகுப்பில் மேற்காட்டிய சிறு பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, மாணவரையே நிறை தரச் செய்யலாம். ஒவ்வொருவர் முடிவும் வேறாக வரும். எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை அவர்கள் அன்றே அறிவர். பின், எந்தக் குறையை எந்த நிறையாலும் ஈடு செய்யலாகாது என்று வினவுக. அவ்வினாவுக்கு மாணவர் தரும் விடையில் கணக்கும் குறளும் ஒருங்கே விளங்கும்.