ஹெட்டர் மாட்டியாச்சு, ஆயில் ஸ்டிக்குக்கு வழி எங்கே?

அமெரிக்காவில் பழைய ஷெவ்ரலே வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பது எக்ஸாஸ்டில்தான். என் 1977 சி-10 பிக்கப்பிலும் அப்படித்தான் தொடங்கியது. உள்ளே இருப்பது 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி-8, நம் கணக்கில் 5.7 லிட்டர். 1955இல் 265 கன அங்குலமாகப் பிறந்த குடும்பம் இது. 350 வந்தது 1967 கமாரோவில். இந்த எஞ்சினுக்குச் சாமான் கிடைக்காத ஊரே அங்கே இல்லை.

கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் புகையையும் வாசலிலேயே ஒன்றாகக் கலந்துவிடும். அதற்குப் பதிலாக மாட்டும் ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். சற்றுத் தூரம் தனித்தனியே ஓடிப் பிறகுதான் சேரும், அதனால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். மாட்டிய மறுநாளே வண்டியின் இழுவையில் வித்தியாசம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்திருந்தேன்: ஆயில் ஸ்டிக் இறங்கும் குழாய் பெஞ்சின் மேலேயே கிடந்தது.

1979 வரை வந்த ஸ்மால் பிளாக்குகளில் அந்தக் குழாய் ஓட்டுநர் பக்கம், அதாவது அங்கே இடது பக்கம். 1980 முதல் வலது பக்கம் போய்விட்டது. கடையில் ஆண்டைச் சொல்லாமல் வாங்கினால் பணம் வீண். பிளாக்கின் அடியில், ஆயில் சம்ப் வந்து சேரும் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு துளை இருக்கும். குழாய் அதில் இறுக்கமாக இறங்கி நிற்க வேண்டும். அந்தத் துளைக்கு நேர் மேலே இப்போது ஹெட்டர் குழாய்கள் வளைந்து நெளிந்து நின்றன. டார்ச் பிடித்த நண்பர், "அண்ணா, ஓட்டை தெரியுது, ஆனா போற வழி தெரியலையே" என்றார். உள்ள நிலைமை அதுதான்.

இதற்கு இரண்டு வழிகள், இரண்டையும் முயன்று பார்த்தேன். முதலாவது, பழைய எஃகுக் குழாயையே வளைத்து மாட்டுவது. வெறும் கையால் வளைத்தால் குழாய் நசுங்கும், அப்புறம் ஸ்டிக் பாதியில் சிக்கும். காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனைகளையும் அடைத்து, மெதுவாக வளைத்தேன். முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை. ஒரு மணல் துகள் பேரிங்குக்குப் போனாலும் எஞ்சினுக்குக் கேடு.

இறக்குவதற்கும் பக்குவம் உண்டு. குழாயின் கீழ்முனைக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு வளையம் இருக்கும். திறந்த வாய் ஸ்பேனரை அந்த வளையத்தின் மேல் வைத்து, ஸ்பேனரைச் சுத்தியலால் தட்ட வேண்டும். குழாயின் தலையில் தட்டினால் வாய் விரிந்து பாழாகும். வளையம் பிளாக்கில் முழுவதும் உட்கார வேண்டும் என்பதுதான் முக்கியம். முதல் முறை நான் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்திவிட்டேன். குழாய் உயர்ந்தால் ஸ்டிக்கும் உயரும், ஆயில் குறைவாக இருப்பதாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும்.

இரண்டாவது வழி, ஸ்டீல் வலை போர்த்திய வளையும் குழாய். ஸ்டிக்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி, நுனியில் கோடு போட்ட சிறு உலோகத் துண்டு, மேலே பளபளக்கும் அலுமினியக் கைப்பிடி. விலை சாதாரணக் குழாயைப் போலப் பல மடங்கு. ஆனால் மாட்டுவது சுகம். ஹெட்டரைக் கழற்றாமலே கீழ்ப்பகுதியைத் துளையில் பொருத்தி, மேல்முனையை வசதியான இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு பிராக்கெட்டில் நிறுத்திவிடலாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

குறை, ஆயிலைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. முறுக்குக் கம்பியின் இழைகளுக்கு நடுவே ஆயில் ஒட்டிக்கொள்கிறது. துணியால் துடைத்தாலும் முழுவதும் போவதில்லை. வெளியே இழுக்கும்போது அது வழிந்து நுனியில் இறங்குகிறது. புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும்போது கோடு எங்கே, ஆயில் எங்கே என்று வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தட்டையான பழைய ஸ்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அளவு. இந்த எஞ்சினின் சம்ப்புக்கு 4 குவார்ட் ஆயில், ஃபில்டருக்கு 1, ஆக 5 குவார்ட், ஏறத்தாழ 4.7 லிட்டர். பழைய ஆயிலை முழுக்க வடித்துக் காலி ஃபில்டரை மாட்டினேன். எஞ்சினை ஓட்டாமல் முதலில் 3 குவார்ட் ஊற்றி, கொஞ்ச நேரம் வடியவிட்டேன். ஸ்டிக் கீழ்க்கோட்டைக் காட்ட வேண்டும். நாலாவது குவார்ட்டுக்கு மேல்கோடு. ஐந்தாவதை ஊற்றி எஞ்சினை ஓட்டினால் அது ஃபில்டருக்குள் போய்விடும், அளவு மேல்கோட்டிலேயே நிற்கும். எஃகுக் குழாய் சரியாகக் காட்டியது. வளையும் குழாயோ நாலாவது குவார்ட்டிலேயே மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் கூடுதலாகக் காட்டியது. கம்பி ஆழமாக இறங்குகிறது என்று அர்த்தம். அதை நம்பினால் ஆயில் குறைந்த பிறகும் நிறைந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். பழைய கோட்டை விட்டுவிட்டு, அரத்தால் நுனியில் புதுக் கோடு கீறினேன். பெட்டியோடு வந்த குறிப்பில் இப்படி அளந்து பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

என் வண்டியில் கடைசியில் எஃகுக் குழாயே நிற்கிறது. பழைய பிடிமானம் மேனிஃபோல்டு போல்ட்டில் மாட்டுவது, ஹெட்டரின் தடித்த தகட்டுக்கு அது எட்டவில்லை. பட்டை இரும்பில் புதிதாக ஒன்று வெட்டி வளைத்தேன். உங்கள் ஹெட்டரில் குழாய் நேராக இறங்க வழியே இல்லையென்றால் வலைக்குழாயை வாங்குங்கள், ஆனால் மேலே சொன்னபடி அளந்துவிட்டு ஓட்டுங்கள்.

எதுவானாலும் ஹெட்டருக்கும் ஸ்டிக் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். ஒட்டி நின்றால் அதிர்வில் உரசிக் குழாய் தேயும். ஓட்டை விழுந்து ஆயில் சூடான ஹெட்டரில் சொட்டினால் முதலில் புகை, அப்புறம் தீ. புது ஹெட்டரின் போல்ட்டுகள் சில நாள் சூடாகி ஆறியதும் தளரும், மறுபடி முறுக்கியாக வேண்டும். முறுக்கும்போது ஹெட்டர் கொஞ்சம் நகரும். அதனால் முறுக்கி முடித்த கையோடு, எஞ்சின் ஆறிய நிலையிலேயே, அந்த இடைவெளியில் மறுபடி விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் குறுகியிருந்தது. பிடிமானத்தைத் தளர்த்தி, குழாயை நகர்த்தி, திரும்ப இறுக்கினேன்.