தாரையின் கைம்மைக் கோலம்

இராமகதையின் துணைமைப் பெண்பாத்திரங்களுள் அகலிகைக்குக் கிடைத்த திறனாய்வுக் கவனம் பிறருக்குக் கிட்டவில்லை. புதுமைப்பித்தன் 1943 இல் 'சாபவிமோசனம்' எழுதியபின் அவள் நவீன இலக்கியத்தின் வழக்காளியாகவே ஆகிவிட்டாள். பேராசிரியர் கைலாசபதியின் 'அடியும் முடியும்' (1970) என்ற நூலிலும் அவளைக் கற்புநெறியோடு சார்த்தி ஆராயும் கட்டுரை இடம்பெற்றுள்ளது. நாள்தோறும் நினைக்கத்தக்கோர் என்று மரபு போற்றும் ஐவருள் அகலிகையோடு தாரையும் ஒருத்தி. இத்தாரை வியாழன் மனைவி என்பாரும் உளர். வாலியின் மனைவி என்பதே பெருவழக்கு. அவளைப் பற்றி நம்மவர் பேசுவது பெரும்பாலும் ஒரே ஒரு காட்சியை முன்னிட்டே. அக்காட்சியும் கம்பனின் பண்பாட்டு உணர்வுக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. தாரை என்ன பேசினாள் என்று கேட்போர் சிலரே.

காட்சி யாவரும் அறிந்ததே. கார்காலம் கழிந்தும் சுக்கிரீவன் படையொடு வரவில்லை. இலக்குவன் வில்லேந்திச் சினத்தோடு கிட்கிந்தையுள் புகுகிறான். அவனை எதிர்கொள்ளும் பொறுப்பு, வான்மீகத்திலும் கம்பனிலும், தாரையின்மீதே விழுகிறது. ஆயின் இரு நூல்களிலும் வருபவள் ஒருத்தியல்லள். வான்மீகியின் தாரை வாலிக்குப் பின் சுக்கிரீவனோடு வாழ்பவள். மது மயக்கம் கண்களில் தெரிய, நடை தளர, மேகலை நெகிழ வருகிறாள். கம்பனின் தாரையோ மங்கல அணி நீக்கி, மாலை துறந்து, சாந்தும் குங்குமமும் இன்றி, கழுத்து மறையப் போர்த்தியவளாய் வருகிறாள். அவளைக் கண்ட இலக்குவன் தன்னைப் பெற்ற தாயரும் இக்கோலத்திற்றானே இருப்பர் என்று எண்ணிக் கண்ணீர் மல்குகிறான்.

இம்மாற்றத்தைத் 'தமிழ்ப் பண்பாட்டிற்கேற்ற திருத்தம்' என்று விதந்து கூறுவது நம் இலக்கிய மேடைகளில் வாய்பாடாகிவிட்டது. இக்கூற்றில் இரண்டு எளிமைப்படுத்தல்கள் உள்ளன. ஒன்று, வடநூலார் இதனை உறுத்தலின்றி ஏற்றனர் என்பது. வான்மீகத்தைச் சற்று மேலும் படித்துச் சென்றால், சீதையைக் காணாது தென்திசையில் சோர்ந்திருக்கும் அங்கதனின் குரல் கேட்கும். தாய்போல் கருதத்தக்க தமையன் மனைவியைக் கைக்கொண்டவனிடம் அறம் எங்கே என்று அவன் சிற்றப்பனைப் பழிக்கிறான். தம்பி மனைவி உருமையைக் கவர்ந்தாய் என்ற குற்றம் சாட்டியே இராமன் வாலியைத் தண்டித்தான். அத்தண்டனையின் பயனாய்ச் சுக்கிரீவனுக்கு இருவரும் கிட்டினர். இம்முரணை வான்மீகி மறைக்கவில்லை. மகன் வாயில் வைத்தார். கம்பன் முரணின் வேரையே களைந்துவிட்டான். (உருமையை எவரும் ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை என்பது வேறு கதை.)

மற்றொன்று, 'தமிழ்ப் பண்பாடு' என்பதைக் காலங்கடந்த ஒருமையாகக் கொள்வது. கைம்மை நோன்பு தமிழிற் பழையது என்பதில் ஐயமில்லை. புறநானூற்றின் 246 ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி, நெய்யில்லாச் சோற்றையும் வேளைக்கீரையையும் பாயில்லாப் பருக்கைக்கல் படுக்கையையும் எண்ணி, அவற்றினும் ஈமத்தீ தனக்கு எளிது என்கிறாள். அப்பாட்டு கைம்மையைப் போற்றவில்லை. அதன் கொடுமையைச் சான்றோர் முகத்தெதிரே உரைக்கிறது. தாரையின் கோலத்தைத் தமிழ்ப் பெருமை எனக் காட்டுவோர், பெருங்கோப்பெண்டின் சினமும் அதே தமிழின் குரல்தான் என்பதை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

ஆடை மாறியபோது பேச்சும் மாறிற்று என்பதே என் கவனத்தை ஈர்ப்பது. வான்மீகியின் தாரை காமத்தின் வலிமையை அறிந்தவளாக, அதனைச் சொல்ல நாணாதவளாகப் பேசுகிறாள். நெடுங்காலம் துன்புற்ற சுக்கிரீவன் இன்பத்தில் காலம் மறந்தான். விசுவாமித்திர முனிவனே கிருதாசியோடு பத்தாண்டைக் கழித்து ஒரு நாளென நினைத்தான். குரங்கு எம்மாத்திரம் என்பது அவள் வாதம். குற்றத்தை மறைக்காமல் இயல்பென நிறுவிப் பொறுத்தருள வேண்டும் அரசியலறிவு அது. கைம்பெண் கோலத்தில் நிற்கும் கம்பனின் தாரை இவ்வாதத்தை எடுக்கவியலாது. காமத்தைப் பற்றிய அறிவே அவளுக்கு விலக்கப்பட்டாயிற்று. ஆகவே அவள் நன்றியையும் கடமையையும் பேசுகிறாள். உதவி மறந்த வானரரைக் கடிகிறாள். படை திரட்டத் தூதர் போயினர் என்று விளக்குகிறாள். கோலம் தந்த மதிப்புக்கு இது கொடுத்த விலை.

ஆயினும் கம்பன் பெருங்கவிஞன். தான் கட்டிய வேலியைத் தானே ஓரிடத்தில் திறந்து வைக்கிறான். வாலியை ஓரம்பால் வீழ்த்திய உங்களுக்குப் போர்த்துணை வேண்டியதில்லை, தேவியைத் தேடுவோரையே நீங்கள் தேடுகிறீர்கள் என்று தாரை கூறும் இடத்தை ஊன்றி நோக்குக. மேற்போக்கில் இது புகழ்ச்சி. ஆனால் சொல்பவள் யார்? அந்த அம்பு யார் மார்பில் தைத்தது? தன் கணவன் சாவையே இராமன் ஆற்றலுக்குச் சான்றாக, கொன்றவனின் தம்பி முகத்துக்கு நேரே, குரல் உயர்த்தாமல் அவள் எடுத்துக்காட்டுகிறாள். இலக்குவன் கண்ணீரைப் பாராட்டும் உரையாளர் இக்கூற்றை முகமன் என்று கடந்துவிடுவர். அவன் கண்ணீருங்கூட அவளுக்காகச் சிந்தியதன்று, தன் தாயரை நினைந்து சிந்தியது. தாயாக்கிப் பார்த்தாலன்றி ஒரு கைம்பெண்ணின் துயரம் அவனுக்குத் தெரியவில்லை. அவளைக் கைம்பெண்ணாக்கிய அம்பு தன் தமையனுடையது என்ற நினைவு அவன் கண்ணீரில் இல்லை. கம்பன் இதனை அறிந்தே செய்தானா என்பது வாதத்துக்குரியது. பாட்டில் அது இருக்கிறது என்பது வாதத்துக்குரியதன்று.

இதை வெறும் ஒப்பியல் நுணுக்கம் எனத் தள்ளற்க. 2009 இல் முடிந்த போர் நம் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பெண்களைத் தாரையின் நிலையில் நிறுத்தியது. பொட்டும் பூவும் வண்ணச்சேலையும் அவர்க்கு ஆகுமா ஆகாதா என்ற பேச்சு ஊருக்கு ஊர் நடந்தது. அத்தகைய மண்ணில், வெறுங்கழுத்தைப் போர்த்திய கோலமே பெண்மையின் உயர்வு என மேடையேறி முழங்குவோர், காவியத்தைப் பற்றி மட்டும் பேசுவதாக எண்ணுதல் இயலாது.

வான்மீகியின் தாரை ஏறத்தாழ இறுதிவரை கதையில் நிற்கிறாள். இலங்கையிலிருந்து மீளும் புட்பக விமானம் கிட்கிந்தையைக் கடக்கையில், தாரை முதலாகச் சுக்கிரீவன் மனைவியரையும் ஏனை வானரப் பெண்டிரையும் உடன்கொண்டே அயோத்தி புகவேண்டும் என்று சீதை கேட்கிறாள். இராமன் இசைகிறான். முடிசூட்டு மங்கலத்துக்குச் செல்லும் அப்பெண்டிரை அழைத்து ஆயத்தம் செய்பவள் தாரை. அவர்கள் அணிபூண்டு, விமானத்தை வலம்வந்து, ஏறுகின்றனர்.