எண்ணெய்வித்தில் எரிபொருள்: ஊவா மலைகளுக்கு இது பொருந்துமா?

டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடெங்கும் வரிசைகள் நீண்ட 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு, ‘எரிபொருளை நாமே பயிரிட்டால் என்ன?’ என்ற கேள்வியை இலங்கையில் யாரும் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பதுளை, மொனராகலை மாவட்டங்களைக் கொண்ட ஊவாவில், பராமரிப்பின்றிக் காடாகிப் போன தேயிலை மலைகள் இந்தக் கேள்விக்கு ஒரு நிலத்தையும் காட்டுகின்றன. அந்த நிலத்துக்கு ஏற்ற விதையை ஆய்வுகூடம் தரும் என்கிறது மரபணுத் தொழில்நுட்பம். இந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடலாம். தாவர எண்ணெயை மெதனோலுடன் வினைபுரியச் செய்தால் பயோடீசலும் கிளிசரினும் கிடைக்கும். அந்த டீசலின் தரத்தை எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களே தீர்மானிக்கின்றன. லினோலெயிக், லினோலெனிக் அமிலங்கள் மிகுந்தால் எண்ணெய் காற்றுப்பட்டு விரைவில் கெட்டுப் பிசினாகும். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் குளிரில் உறையும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒலெயிக் அமிலம். சோயாவில் ‘ஃபாட்2’ என்ற மரபணுவை அடக்கி ஒலெயிக் அமிலத்தை உயர்த்தியிருக்கிறார்கள். அந்தச் சோயா அமெரிக்காவில் விற்பனையிலும் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஒரு மரத்திலிருந்து எடுத்த மரபணுவை ரேப் பயிரில் சேர்த்து, தேங்காயெண்ணெயின் அடையாளமான லோரிக் அமிலத்தை அதில் சுரக்கவைத்தது கல்ஜீன் நிறுவனம். 1990களின் நடுப்பகுதியில் அது வயலுக்கே வந்தது. ஓர் இனத்தில் அறவே இல்லாத பண்பை ஒட்டுக்கட்டியும் கலப்பினம் செய்தும் பெற முடியாது. இந்த ஆற்றலை மறுத்துக்கொண்டு தொழில்நுட்பத்தை விமர்சிப்பவர்களின் வாதம் முதற்படியிலேயே சறுக்கிவிடும்.

ஆனால் செடிக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிராம் எண்ணெயைச் சேர்த்துவைக்கச் செடி செலவிடும் ஆற்றல், ஒரு கிராம் சர்க்கரைக்கு ஆகும் செலவைப்போல் இருமடங்குக்கும் மேல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கரும்பின் தண்டிலும் இலையிலும் எண்ணெயை ஊறவைக்க முயன்றபோது இது தெரிந்தது: எண்ணெய் கூடிய செடிகளில் வளர்ச்சி குன்றியது. பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பு விளைவிக்கும் மொனராகலை மாவட்டத்தார் இந்த ஆய்வைக் கவனிப்பதில் தவறில்லை. நம்பிப் பயிரை மாற்றும் கட்டம் இன்னும் வரவில்லை.

உலகில் இன்று பரந்து விளையும் மரபணு மாற்று எண்ணெய்வித்துகளில் பெரும்பாலானவை எரிபொருளுக்காக உருவானவையும் அல்ல. களைகொல்லியைத் தாங்குவதற்காக உருவானவை. அவற்றின் வரலாறு நமக்கு இரண்டு எச்சரிக்கைகளைத் தருகிறது. வட டகோட்டாவின் தெருவோரங்களில் தானாக முளைத்த, ரேப்பின் ஒரு வகையான கனோலாச் செடிகளை 2010இல் ஆய்வாளர்கள் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் மாற்று மரபணு இருந்தது. விதை வேலி தாண்டும் என்பது முதல் எச்சரிக்கை. கனடாவில் தன் வயலுக்கு வந்து சேர்ந்த மாற்று மரபணுக் கனோலாவைச் சேமித்து விதைத்த பெர்சி ஷ்மைசர் என்ற விவசாயியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் விதை நிறுவனமான மொன்சாண்டோவின் காப்புரிமையை உறுதிசெய்தது. அவர் நட்டஈடு கட்டத் தேவையில்லை என்றும் சொன்னது. வேலி தாண்டி வந்த விதைக்கும் உரிமையாளர் உண்டு என்பது இரண்டாவது. ரேப்பும் கடுகும் ஒன்றோடொன்று கலக்கக்கூடிய நெருங்கிய இனங்கள். இங்கே கடுகு சேனையிலும் வீட்டுத் தோட்டத்திலும் விளைகிறது. மரபணு மாற்று உணவுக்கு 2007 முதல் இலங்கையில் லேபிள் விதி இருக்கிறது. உண்பதற்கல்லாமல் எரிப்பதற்கென்று விதைக்கும் பயிர் பக்கத்துத் தோட்டத்துக் கடுகில் கலந்தால், போத்தலில் ஒட்டும் லேபிள் எதைத் தடுக்கும்?

களைகொல்லி விஷயத்தில் தோட்டங்களுக்குச் சொந்த அனுபவமே உண்டு. 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்குக் கிடைத்தது. 2021இல் இரசாயன உரம் ஒரே அறிவிப்பில் தடையாகி, அந்த ஆண்டு முடிவதற்குள் தடை தளர்ந்தது. அதே 2021இல், அதுவரை ஊக்கம் பெற்றுவந்த முள்ளுத்தேங்காயை (எண்ணெய்ப்பனையை) இனி நடக்கூடாது என்றும், நட்டதையும் படிப்படியாக அகற்ற வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. கொள்கை இப்படி ஊசலாடும் நாட்டில், ஒரு குறிப்பிட்ட களைகொல்லியை நம்பி வாழும் பயிர் மிகப் பலவீனமான பயிர்.

தமிழ்நாட்டின் காட்டாமணக்குக் கதையை இங்கே நினைவூட்ட வேண்டும். 2003இல் இந்தியத் திட்டக்குழு பயோடீசலுக்குக் காட்டாமணக்கை முன்னிறுத்தியது. 2009ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் 20 சதவீதக் கலப்பை இலக்காக வைத்தது. 2018இல் வந்த புதிய கொள்கை பயோடீசல் இலக்கை 2030க்குள் 5 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு, நீர் பாய்ச்சிய நிலத்திலும் விளைச்சல் எதிர்பார்ப்புக்கு மிகக் கீழே இருந்ததைக் காட்டியது. தொழில்நுட்பத்தின் ஆதரவாளர்கள் இதற்கு ஒரு நியாயமான பதில் சொல்வார்கள்: காட்டாமணக்கு சீர்செய்யப்படாத காட்டுச்செடி, அதன் விளைச்சலையும் பிண்ணாக்கின் நஞ்சையும் மரபணு மாற்றத்தால் திருத்தலாம். திருத்தலாம்தான். ஆனால் அங்கே பயிர் தோற்றதற்கு விதை மட்டும் காரணமல்ல. ‘தரிசு’ என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலம் ஏழைகளுக்கு மேய்ச்சலும் விறகும் தந்துகொண்டிருந்தது. காத்திருக்கும் ஆண்டுகளின் செலவைத் தாங்க வசதியுள்ளவரால் மட்டுமே முடிந்தது. இந்தக் குறைகள் எந்த மரபணுவிலும் இல்லை.

ஊவாவில் இதே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பதுளை மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,860 சதுர கிலோமீட்டர், அதாவது 2,86,000 ஹெக்டேயர். ஒரு ஹெக்டேயர் ரேப் நல்ல போகத்தில் ஒன்று முதல் ஒன்றரைத் தொன் எண்ணெய் தரும். காடு, ஊர், வயல், தேயிலை எல்லாவற்றையும் அழித்து மாவட்டம் முழுவதும் ஒரு போகம் விதைத்தாலும் நான்கரை இலட்சம் தொன்னை எட்டாது. நாட்டின் ஆண்டு டீசல் தேவையோ பத்து இலட்சம் தொன்னுக்கும் மேல். மரபணு மாற்றம் எண்ணெயைக் காற்பங்கு கூட்டித் தந்தாலும் அந்தத் தேவையை எட்டாது. ரேப்புக்கு நைதரசன் உரமும் நிறைய வேண்டும். அந்த உரத்திலிருந்து வெளியேறும் நைட்ரஸ் ஒக்சைட், பயோடீசலால் கிடைக்கும் காலநிலை நன்மையையே விழுங்கிவிடக்கூடும் என்று நோபல் பரிசு பெற்ற பவுல் குரூட்சனும் அவருடைய குழுவினரும் 2008இல் எழுதினார்கள்.

சரிவு அடுத்த சிக்கல். தேயிலை பல பத்தாண்டுகள் வேரூன்றி மண்ணைப் பிடித்து நிற்கும். எண்ணெய்வித்து போகத்துக்குப் போகம் மண்ணைக் கிளறும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் மழைக்கு மண் கரைந்தோடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் புதைத்த மாகாணம் இது. அறுவடை இயந்திரம் ஏற முடியாத மலையில் எல்லா வேலையும் கையால் நடக்க வேண்டும். அப்போதும் வேலை விதைப்புக்கும் அறுப்புக்கும் மட்டுமே கிடைக்கும். கொழுந்து பறிப்பது தரும் அளவுக்கு வேலைநாள், தோட்ட வழக்கில் ‘பேர்’, விழாது.

காணி யாருடையது என்பது இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி. அரசுக் காணியில் நிற்கும் தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. இருநூறு ஆண்டு உழைத்த மலையக மக்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி கிடைப்பதே பெரும்பாடு. காடாகிப் போன மலையை எரிபொருள் பயிருக்குக் குத்தகைக்கு விட்டால், காணி கம்பனியிடமும் விதை காப்புரிமையாளரிடமும் இருக்கும். தொழிலாளியிடம் நாட்கூலி மட்டுமே மிஞ்சும்.

தோட்டத்துக்கு என்ன எரிபொருள் வேண்டும் என்பதையும் யாரும் கேட்பதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் பெரும் பசி வெப்பத்துக்கானது. கொழுந்தை வாட்டவும் தூளை உலர்த்தவும் விறகே எரிகிறது. மகியங்கனையில் 5 மெகாவாட் உயிர்த்திரள் மின்நிலையத்தை டோக்கியோ சீமெந்து நிறுவனம் நிறுவியது. கிளிரிசீடியா போன்ற விறகே அதற்குத் தீனி. கிளிரிசீடியா வேலியில் வளரும், வெட்ட வெட்டத் தழைக்கும், தழை மண்ணுக்கு உரமாகும், தண்டை ஊரார் விற்றுக் காசாக்கலாம். ஆய்வுகூடமோ காப்புரிமையோ இல்லாத உயிரி எரிபொருள் ஊவாவில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே, எண்ணெய்வித்தின் மரபணு ஆராய்ச்சியைத் தடுக்க வேண்டியதில்லை; அது பொதுப் பணத்தில், பொதுக் கண்காணிப்பில் நடக்கட்டும். ஊவாவின் தோட்ட மலைகளில் அந்தப் பயிரை எரிபொருளுக்காக விதைப்பது மண்ணுக்கும் மக்களுக்கும் நட்டம். தரிசாய்க் கிடக்கும் மலைகளை முதலில் அங்கே வாழ்பவர்களின் பெயரில் எழுதிக் கொடுங்கள். அதில் கிளிரிசீடியா நடுவதா, மரக்கறி போடுவதா, தேயிலையையே வைத்துக்கொள்வதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.