டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கும் வழி: கொழும்பிலும் கோவையிலும்

சிக்னலில் ஐட்லிங்கில் நின்ற டர்போ கார் கிளம்பும்போது சைலன்சரில் நீலப் புகை. "டர்போ சீல் போச்சு" என்ற தீர்ப்பு கொழும்பு கராஜிலும் கோவை ஒர்க்‌ஷாப்பிலும் ஒரே வேகத்தில் வந்துவிடும். புது டர்போ போட்டும் புகை நிற்காதபோதுதான் எண்ணெய் இறங்கும் குழாய் மீது சந்தேகம் திரும்பும்.

டர்போவின் தண்டில் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். உறைக்குள் எண்ணெய் தேங்கினால் அதைத் தடுத்து நிறுத்த அந்த வளையத்தால் ஆகாது. எண்ணெய் உள்ளே போவது பம்பின் அழுத்தத்தில். நிமிடத்துக்கு லட்சம் சுற்றையும் தாண்டும் தண்டில் கடைபட்டு, ஆற்றிய டீ போல நுரைத்து வெளியே வரும்போது அதற்குத் துணை புவியீர்ப்பு மட்டுமே. அதனால் திரும்பும் குழாயின் உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது; முக்கால் இருந்தால் நிம்மதி. இடையில் தொய்வு ஆகாது. சம்பில் நிற்கும் எண்ணெய் மட்டத்துக்கு மேலேதான் அது போய்ச் சேர வேண்டும்.

இலங்கையில் ஜப்பானிய பழைய இஞ்சினை டர்போவோடும் கியர்பாக்ஸோடும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்து இறக்குவது பழகிப்போன வழி. மிட்சுபிஷியின் 4ஜி63, சுபாருவின் இஜே20 போன்றவற்றில் எண்ணெய் திரும்பும் வழியைத் தொழிற்சாலையே அமைத்துத் தந்துவிட்டது. எனவே அங்கே கோளாறு அமைப்பில் குறைவு, வயதில் அதிகம். குழாய் இறுகி உட்புறம் உப்பியிருக்கும். ஃபிளாஞ்சில் தாராளமாகப் பூசிய சிலிக்கான் பசை பிதுங்கித் துளையைப் பாதி அடைத்திருக்கும். இதைவிடப் பொல்லாதது தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளின் வழியே கிராங்க்கேஸில் ஏறும் அழுத்தம். அது ஏறிவிட்டால் எவ்வளவு தடித்த குழாய் போட்டாலும் எண்ணெய் இறங்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், இருந்த இஞ்சின்களையே ஓட்டி ஓட்டித் தேய்த்த நாட்டில், முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது பிசிவி வால்வையும் பிரீதர் குழாயையும்தான்.

இந்தியாவில் கதை சட்டத்திலிருந்து தொடங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் தயாரிப்பாளர் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை விலக விடுவதில்லை. டர்போ சேர்ப்பதும் இந்தத் தடையில் அடங்கும். ரேஸ் தடத்துக்கு மட்டும் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் சாலையில் ஓடும் வண்டியில் வேறு இஞ்சினை இறக்கினால் ஆர்.சி.யில் உள்ள இஞ்சின் எண்ணே பொருந்தாது. ஆகவே ஸ்விஃப்ட், சிட்டி போன்றவற்றின் பெட்ரோல் இஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு, சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் டீசல் கார் டர்போ ஒன்றை ஒட்டவைப்பவர்கள் உண்டு. அந்த இஞ்சினில் எண்ணெய் திரும்பத் துளையே கிடையாது. சம்பில் ஓட்டை போட்டு லேத்தில் கடைந்த குழலை வெல்டு வைக்க வேண்டும். தப்பு பெரும்பாலும் அந்த ஓட்டையில்தான். கை எட்டும் இடத்தில் போடுகிறார்கள். அது எண்ணெய் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஏசி கம்ப்ரஸரைச் சுற்றி வளைத்த குழாய் நடுவில் பள்ளமாகித் தேங்குகிறது. சம்பைக் கழற்றாமல் டிரில் முனையில் கிரீஸ் தடவித் துளைப்பதை ஒரு சாமர்த்தியமாகச் சொல்வார்கள். உள்ளே விழும் ஒரு சிறு சீவல் போதும், பேரிங் போகும். தண்ணீர்க் குளிர்ச்சி இல்லாத டீசல் டர்போ பெட்ரோல் இஞ்சினின் கூடுதல் சூட்டில் எண்ணெயைக் கரியாக்கி, வெளியேறும் வாயையும் அடைக்கும்.

சோதனை இரு கரைக்கும் ஒன்றே. சம்ப் பக்கத்துக் குழாயைக் கழற்றி ஒரு டின்னில் விட்டு, சம்பின் துளையை அடைத்து, சிறிது நேரம் ஐட்லிங்கில் மட்டும் ஓட்டுங்கள். சைலன்சரில் ஏற்கெனவே தேங்கிய எண்ணெய் எரிந்து தீரச் சற்றுப் பொறுக்க வேண்டும். டின்னில் சேர்வதைப் பார்த்து சம்பில் எண்ணெய் ஊற்றவும் வேண்டும். புகை நின்றால் டர்போ மேல் பழி இல்லை. குழாயை மாட்டிவிட்டு எண்ணெய் மூடியைத் திறந்து ஓட்டும்போது புகை குறைந்தால் கிராங்க்கேஸ் அழுத்தம். மூடி திறந்தும் குறையாமல், டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோடு வரை எண்ணெயை இறக்கியதும் குறைந்தால், ஓட்டை தாழ்வு. டின்னில் எண்ணெய் தடையின்றி விழுந்தும் புகை தொடர்ந்தால்தான் டர்போவைக் கழற்ற வேண்டும். அப்போதும் பால் பேரிங் டர்போவாக இருந்தால், உள்ளே போகும் குழாயில் சுமார் ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சமதரையில் தேறிய வண்டி போட்டியில் புகையலாம். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றத்தில் மூக்கை உயர்த்தி ஏறும்போது எண்ணெய் சம்பின் பின்பக்கம் சேரும். டர்போ பின்னால் இருந்தால் அதன் துளை மூழ்கும். கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வளைவுதோறும் எண்ணெய் பக்கவாட்டில் ஏறுகிறது. சம்புக்குள் தடுப்புத் தகடு வைப்பதும் துளையை உயர்த்துவதும்தான் முதல் வைத்தியம். டர்போ சம்புக்கு நிகராகவே தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் தகடும் உதவாது. எண்ணெயை உறிஞ்சித் தள்ளும் தனி பம்ப் வேண்டும், அது நின்றால் காட்டிக்கொடுக்க டேஷ்போர்டில் ஒரு விளக்கும் வேண்டும்.