இளவரசியின் நிறமும் சீனி ஆலையும்

குடும்பத்தினர் கூடிப் பார்ப்பதற்கென ஹொலிவூட் தயாரிக்கும் தேவதைக் கதைப் படங்களில் வெள்ளையரல்லாதார் இடம்பெறுவது குறித்து அண்மைக் காலத்தில் பலத்த வாதப் பிரதிவாதங்கள் எழுந்துள்ளன. 2019ஆம் ஆண்டில், டிஸ்னி நிறுவனத்தின் புதிய கடற்கன்னிப் படத்துக்கு ஹலி பெய்லி என்னும் கறுப்பின நடிகை தெரிவுசெய்யப்பட்டபொழுது, கதையின் தூய்மை கெட்டதென ஒரு சாரார் கூக்குரலிட்டனர். நம் அணியினர் சிலரோ, இஃதெல்லாம் முதலாளிகளின் வியாபாரத் தந்திரமென ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு கூற்றுக்களையும் ஆராய்வது அவசியமாகின்றது.

தூய்மை வாதம் நெடுநேரம் நிற்காது. அண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையில் கடற்கன்னி இளவரசனை அடைவதில்லை. அவளுடல் கடல் நுரையாய்க் கரைகின்றது. 1989ஆம் ஆண்டுப் படம் அம்முடிவை மாற்றித் திருமணத்தில் முடித்தது. அப்படத்தையே மூலமெனப் போற்றுவோர், தோலின் நிறம் மாறியதும் மரபைப் பற்றிப் பேசுகின்றனர். அவர்கள் காக்க முனைவது கதையையன்று. வெள்ளை நிறத்தின் ஏகபோகத்தையே.

வியாபார வாதத்தில் உண்மையுண்டு. ஆயினும் அது முழு உண்மையாகாது. 1940களில் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாளர் தம்பதியர், கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கபிலநிறப் பொம்மையையும் காட்டி, எது நல்லதென வினவினர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். பாடசாலைகளில் இனப்பிரிவினை செல்லாதென 1954இல் தீர்ப்பளித்த அமெரிக்க உயர் நீதிமன்றம் இவ்வாராய்ச்சியையும் எடுத்துக்காட்டியது. தன்னைப் போன்ற முகத்தை எங்கும் காணாத குழந்தை, தன்னைத் தாழ்வாக எண்ணப் பழகுகின்றது. 2022இல் கடற்கன்னிப் படத்தின் முன்னோட்டத்தைக் கண்டு வியந்து பூரித்த கறுப்பினச் சிறுமியரின் மகிழ்ச்சியை ஏளனஞ் செய்ய நமக்கு உரிமையில்லை.

எனவே முகம் மாறுவது நியாயமே. ஆனால், மாறிய முகத்தோடு எத்தகைய உலகம் காட்டப்படுகின்றது என்பதே நமது வினா.

இதற்குத் தக்க சான்று, டிஸ்னியின் முதற் கறுப்பின இளவரசியைக் கொண்ட 'இளவரசியும் தவளையும்' என்ற 2009ஆம் ஆண்டுப் படம். 1937இல் வெளியான 'வெண்பனி'க்குப் பின் 72 ஆண்டுகள் கழித்தே அவள் திரைக்கு வந்தாள். கதை நிகழ்வது 1920களின் நியூ ஓர்லியன்ஸில். நாயகி டியானா உணவகப் பரிசாரகி. இளவரசனுக்காகக் காத்திராமல், கிடைத்த காசையெல்லாம் தகரப் பேணிகளில் சேர்த்து, சொந்த உணவகம் அமைக்கக் கனவு காண்கின்றாள். உழைப்பாளிப் பெண்ணை நாயகியாக்கிய இச்சிறப்பை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

ஆனால் அவளைச் சூழ்ந்த உலகமோ பொய்யாக்கப்பட்டுள்ளது. தாய் செல்வர் மாளிகையில் உடைதைத்துவிட்டு, மகளுடன் ட்ராம் வண்டியில் தம் ஏழைக் குடியிருப்புக்குத் திரும்புகின்றாள். லூசியானாவின் 1902ஆம் ஆண்டுச் சட்டம் ட்ராம் வண்டியிலும் கறுப்பரைப் பிரித்தே அமர்த்தியது. நியூ ஓர்லியன்ஸில் அது 1958 வரை நீடித்தது. படத்தில் அதுபற்றி ஒரு சொல்லுமில்லை.

டியானா உணவகமாக்க விரும்பும் கட்டடம் ஒரு பழைய சீனி ஆலை. அவளது வெள்ளைத் தோழியின் தந்தை சீனியாற் செல்வங் குவித்தவர். உள்நாட்டுப் போர் வரை லூசியானாவின் கரும்பை வெட்டியவரும் ஆலைகளிற் காய்ச்சியவரும் அடிமைகள். 1887இல் கூலியுயர்வு கேட்டு வேலைநிறுத்தஞ் செய்த கறுப்பினக் கரும்புத் தொழிலாளர் திபடோ நகரிற் சுட்டுக்கொல்லப்பட்டனர். அந்த ஆலையைப் படம் காட்டுகின்றது. அதன் வரலாற்றை மறைக்கின்றது.

ஒரேயோரிடத்தில் மட்டும் உண்மை எட்டிப்பார்க்கின்றது. ஆலையை விற்கும் சகோதரர் இருவர், டியானாவின் 'பின்னணி'யைச் சுட்டிக்காட்டி அவளைத் தட்டிக்கழிக்கின்றனர். ஆனால் முடிவில், நட்பு முதலையொன்று உறுமியதும் அவ்விருவரும் பணிந்துவிடுகின்றனர். ஒரு சமுதாய அமைப்பின் கொடுமை முதலையின் உறுமலாலே தீர்ந்துவிடுகின்றது! மேலும், படத்தின் பெரும்பகுதியில் நாயகி தவளையாகவே திரிகின்றாள். அத்தனை ஆண்டுகள் காத்திருந்த முகத்தை நாம் சொற்ப நேரமே காண்கின்றோம்.

குழந்தைகளுக்கு இத்துயரங்களைச் சொல்லலாமா எனச் சிலர் கேட்பர். நாடோடிக் கதைகள் துயரத்தை என்றும் மறைத்ததில்லை. பஞ்சத்தால் பிள்ளைகளைக் காட்டில் விட்ட பெற்றோரின் கதையைக் கிரிம் சகோதரர் தொகுத்தளித்தனர். சிண்டரெல்லா அடுப்புச் சாம்பலிற் படுத்தவள். ஏழை மக்கள் தம் பசியையும் நம்பிக்கையையும் ஒருங்கே வைத்துச் சொன்ன கதைகள் இவை. நம்பிக்கையை மட்டும் பிரித்தெடுத்து விற்பதே இன்றைய வியாபாரம்.

இப்படங்களை ஒதுக்கும்படி நாம் கூறவில்லை. ஆசிரியர்கள் மாணவருடன் அமர்ந்து பார்க்கட்டும். டியானாவின் உழைப்பைப் போற்றட்டும். பின்னர், அந்தச் சீனி ஆலையில் முன்னர் உழைத்தவர் யாவர் என்ற வினாவையும் வகுப்பில் எழுப்பட்டும்.